மூலமும் மடுவும்

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பவர் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் மூலம் அல்ல. மூலம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. கண்முன் வருவது, வழியில் ஓரிடத்தில் முன்பே எடுத்து வைக்கப்பட்டிருந்த அதன் பிரதி. இப்படி எடுத்து வைக்கும் ஏற்பாட்டுக்குக் கேஷ் என்று பெயர். மறைத்து வைப்பது என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து கேட்டாலும் ஒரு சர்வர் திணறாமல் நிற்கிறது என்றால், வந்தவர்களில் மிகச் சிலரே உண்மையில் அதன் வாசல்வரை போகிறார்கள் என்று பொருள். மற்றவர்களுக்கு வழியிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது. மூலத்தை அடையாமல், அருகில் இருக்கும் அதன் வடிவத்தை மட்டும் அடைந்தவர், மூலத்தை அடைந்தவர் ஆவாரா? விக்கிரக வழிபாட்டைப் பற்றி இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுகளாக எழுப்பி வரும் கேள்வியும் இதுதான். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் இந்தக் கேள்வியின் இரு முகங்களும் அருகருகே இருக்கின்றன. சிறுசேரி சிப்காட் பூங்காவில் தரவு மையங்கள் நிற்கின்றன. அங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. பாற்கடலைத் தேடிப் புறப்பட்ட ஒரு முனிவருக்காகப் பெருமாள் இந்தக் கரைக்கே வந்து தரையில் படுத்தார் என்பது அந்தக் கோயிலின் தலபுராணம்.

கேஷ் இயங்கும் விதம்

கேஷ் இரண்டு சுமைகளைக் குறைக்கிறது. ஒன்று தூரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 10,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சர்வருக்குக் கேள்வி போய்ப் பதில் திரும்ப, வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும், வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஒரு பக்கத்தில் படம், எழுத்துரு, நிரல் என்று பல துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இப்படிப் போய்வந்தால் காத்திருப்பு கூடிக்கொண்டே போகும். பிரதி 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் அந்தத் தூரம் ஒரு பொருட்டே அல்ல.

மற்றொன்று கூட்டம். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையை எடுத்துக்கொள்ளலாம். தேர்வு எழுதிய 7, 8 லட்சம் மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் ஒரே கணத்தில் ஒரே முகவரியைத் தட்டுகிறார்கள். வினாடிக்கு 10,000 பேர் முகப்புப் பக்கத்தைக் கேட்பதாகவும், அதன் பிரதி 10 வினாடி செல்லும் என்று வைத்திருப்பதாகவும் கொண்டால், அந்த 10 வினாடியில் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் மூல சர்வர் அந்தப் பக்கத்தை ஒரே ஒரு முறைதான் தயாரிக்க வேண்டும். மீதிப் பேருக்குப் பிரதியே போதும்.

பிரதி எத்தனை காலம் செல்லும் என்பதை மூலமே சொல்லி அனுப்புகிறது. பக்கத்தோடு சேர்ந்து வரும் தலைப்புக் குறிப்புகளில், இத்தனை வினாடி வரை இதைப் புதியதாகக் கொள்ளலாம் என்று எழுதியிருக்கும். அந்தக் கெடு தீரும்வரை கேஷ் யாரையும் கேட்காமல் பிரதியைத் தரலாம். தீர்ந்த பிறகு மூலத்திடம் சென்று விசாரிக்க வேண்டும். அந்த விசாரிப்பு சிக்கனமானது. பெரும்பாலும் பிரதிக்கு ஈ-டேக் என்ற ஓர் அடையாளக் குறி உண்டு. கேஷ் அந்தக் குறியை மட்டும் காட்டி, இது இன்னும் மாறவில்லையே என்று கேட்கிறது. மாறவில்லை என்றால் மூலம் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாக அனுப்புகிறது. பக்கத்தைத் திரும்ப அனுப்புவதில்லை. கையில் இருப்பதே செல்லும் என்ற ஒப்புதல் அது. அந்த ஒப்புதல் கிடைத்ததும் பழைய பிரதிக்கு மீண்டும் ஆயுள் வருகிறது. இந்த விதிகளின் இன்றைய வடிவம் 2022 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 9111 என்ற ஆவணத்தில் உள்ளது.

கெடு தீரும் கணம் ஆபத்தானது. பிரதி காலாவதியான அந்த நொடியில் வந்து நிற்கும் அத்தனை பேரையும் கேஷ் மூலத்திடம் அனுப்பிவிட்டால், காத்து வந்த சர்வர் ஒரே அடியில் விழுந்துவிடும். அதனால் நல்ல கேஷ் ஒரே ஒருவருடைய கேள்வியை மட்டும் உள்ளே அனுப்பி, மற்றவர்களை நிறுத்தி வைத்து, வந்த பதிலை எல்லோருக்கும் பகிர்கிறது. கோயிலில் நைவேத்தியம் முடிந்து திரை விலகும்போது எல்லோரும் கருவறைக்குள் நுழைவதில்லை. அர்ச்சகர் ஒருவர் உள்ளே போய் ஒரு வட்டிலில் தீர்த்தம் கொண்டுவருகிறார். வரிசையில் நிற்கும் அத்தனை கைகளுக்கும் அந்த ஒரு வட்டிலிலிருந்தே கிடைக்கிறது.

கேஷ் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. பார்ப்பவரின் பிரவுசரில் ஒன்று, ஊருக்கு அருகிலுள்ள தரவு மையத்தில் ஒன்று, மூல சர்வரின் வாசலில் ஒன்று என்று படிப்படியாக இருக்கும். செங்கல்பட்டுப் பகுதி மக்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நீரைப் பிடித்து வைத்து, கோடைவரை வயலுக்குப் பாய்ச்ச ஏரிகள் சங்கிலித் தொடராக வெட்டப்பட்டன. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக நீர் கீழ் ஏரிக்கு இறங்கும். ஒவ்வொரு ஏரியும் தன் ஆயக்கட்டுக்கு மதகு வழியாக நீர் தரும். ஆற்றுக்கோ வானத்துக்கோ போகாமல் உழவர் தன் ஊர் மதகுக்குப் போகிறார். ஏரி தேக்குவது நீரின் வரத்தை. கேஷ் தாங்குவது கேட்பவர்களின் வரத்தை. ஆனாலும் கேட்பவருக்கு அருகில் தேக்கி வைப்பது என்ற அடிக் கருத்து இரண்டிலும் ஒன்றே.

நினைவு பிரமாணமாகுமா

கேஷ் என்பது இயந்திரத்தின் நினைவு. நினைவில் இருப்பது உண்மையான அறிவாகுமா என்பதை இந்தியத் தருக்க மரபுகள் விரிவாக ஆராய்ந்திருக்கின்றன. நியாய மரபு அறிவை அனுபவம், ஸ்மிருதி என்று இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளதை உள்ளபடி காட்டும் அனுபவத்தையே அது பிரமை, அதாவது மெய்யறிவு என்கிறது. ஸ்மிருதி முன்பு கண்டதைத் திரும்பக் காட்டுகிறதே தவிர இப்போது உள்ளதைக் காட்டவில்லை. ஆகவே அதற்குத் தனி நிலை இல்லை. இராமானுஜர் வழிவந்த விசிஷ்டாத்வைத நூலான யதீந்திரமத தீபிகை நினைவைத் தள்ளிவிடவில்லை. அது பிரத்தியட்சம் எனும் நேர்க்காட்சியிலிருந்து பிறப்பதால் பிரத்தியட்சத்திலேயே அடங்கும் என்கிறது. முதல் மரபின் பார்வையில் பிரதி ஒருபோதும் மூலத்துக்கு ஈடாகாது. இரண்டாவதன் பார்வையில் பிரதியின் செல்லுபடி மூலத்திலிருந்து இறங்கி வருவது. மூலத்தோடு தொடர்பு உள்ளவரை அது செல்லும்.

வேதத்துக்கும் தரும நூல்களுக்கும் உள்ள உறவில் மீமாம்சகர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். கேட்கப்பட்ட வேதம் சுருதி. நினைவில் வைத்துச் சொல்லப்பட்ட நூல்கள் ஸ்மிருதி. இரண்டும் முரண்பட்டால் ஸ்மிருதியைக் கைவிட வேண்டும்; முரண்பாடு இல்லாதபோது, இதற்கு ஆதாரமான ஒரு சுருதி இருக்கிறது என்று ஊகித்து ஏற்கலாம் என்பது ஜைமினியின் மீமாம்சை சூத்திரங்களின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் உள்ள முடிவு. மூலத்தைக் கேட்க முடியும்போது மூலத்தின் சொல்லே இறுதியானது. கேட்க முடியாதபோது கையில் இருப்பதை நம்பி நடக்கலாம். 2010-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5861 கேஷுக்கும் இதே இடத்தைத் தருகிறது. மூல சர்வர் பழுதாகிப் பதில் சொல்லாமல் நின்றால், முன்பே குறித்துவைத்த காலம்வரை, காலாவதியான பிரதியையும் தரலாம் என்று அது அனுமதிக்கிறது.

புண்டரீகரும் பாற்கடலும்

நினைவைப் பற்றிய விவாதம் அறிவோடு நின்றுவிடுகிறது. வழிபடுபவர் கேட்பது தகவலை அல்ல, இறைவனின் நேர் இருப்பான சந்நிதியை. தகவலுக்குப் பிரதி உண்டு. சந்நிதிக்குப் பிரதி உண்டா? கடல்மல்லை என்ற மாமல்லபுரத்தின் தலபுராணம் இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

புண்டரீக முனிவர் தாமரை மலர்களைப் பறித்துக் கூடையில் நிரப்பிக்கொண்டு, பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் அடியில் அவற்றைச் சேர்க்கப் புறப்படுகிறார். இந்தக் கரைக்கு வந்ததும் கடல் குறுக்கே நிற்கிறது. கடலைக் கடந்தால்தான் பாற்கடல். அவர் இரு கைகளாலும் கடல்நீரை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டுகிறார். அள்ளிய நீர் மணலில் ஓடி மறுபடி கடலிலேயே சேர்கிறது. அவர் நிறுத்தவில்லை. ஒரு முதியவர் வந்து பசிக்கிறது என்கிறார். முனிவர் மலர்க்கூடையை அவரிடம் விட்டுவிட்டு உணவு கொண்டுவரப் போகிறார். திரும்பி வந்தபோது முதியவர் இல்லை. அந்தத் தாமரைகளைச் சூடிக்கொண்டு, பாம்பணை இல்லாமல், வெறுந்தரையில் பெருமாள் படுத்திருக்கிறார். தலம் என்றால் தரை. தரையில் சயனித்தவர் ஆதலால் தலசயனப் பெருமாள்.

இந்தக் கதையில் பாற்கடல் குறுகவில்லை, கடலும் வற்றவில்லை. முனிவர் மூலத்தை நோக்கிப் போன வழி மூடியே இருந்தது. மூலம் அவரை நோக்கி வந்தது. வரும்போது தன் அடையாளங்களில் ஒன்றான ஆதிசேஷனைக்கூட விட்டுவிட்டு வந்தது. அருகில் வருவதற்காக வடிவம் மாறியது, வந்தவர் மாறவில்லை.

ஐந்து நீர்

கதையாகச் சொல்லப்பட்ட இதைத் தத்துவமாக வகுத்தவர் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்த பிள்ளை லோகாசாரியர். வைணவம் இறைவனின் இருப்பை ஐந்து நிலைகளாகச் சொல்கிறது: வைகுந்தத்தில் பரம், பாற்கடலில் வியூகம், இராமன், கண்ணன் போன்ற அவதாரங்களில் விபவம், ஒவ்வோர் உயிருக்குள்ளும் அந்தர்யாமி, கோயிலிலும் வீட்டிலும் உள்ள விக்கிரகத்தில் அர்ச்சை. லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில், தாகம் கொண்ட ஒருவனை முன்னே நிறுத்தி இந்த ஐந்தையும் ஐந்து வகை நீராக விளக்குகிறார். அந்தர்யாமி நிலத்தடி நீர். பரம் உலகங்களுக்கு அப்பால் அவற்றைச் சூழ்ந்திருக்கும் நீர். வியூகம் பாற்கடல். விபவம் பெருக்கெடுத்து ஓடிய ஆறு. அர்ச்சை, அந்த ஆறு வடிந்த பின் ஆங்காங்கே தங்கி நிற்கும் மடு.

இதன் அருமை பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு எளிதில் விளங்கும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வெள்ளம் வந்தால் சில நாள் கரை புரளும். அந்த நாளில் அங்கே இருந்தவருக்கே அது கிடைக்கும். மணலுக்கு அடியில் நீர் உண்டு. ஆனால் ஊற்றுத் தோண்டக் கருவியும் உழைப்பும் வேண்டும். வயலூருக்கு அருகே ஆறு சேரும் கடலோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாகத்துக்கு உதவாது. குனிந்து கையால் அள்ளிக் குடிக்கக் கிடைப்பது மடு ஒன்றுதான்.

மடுவில் இருப்பது ஆற்றின் பிரதி அல்ல, ஆறேதான். ஓடிய நீர்தான் அங்கே நிற்கிறது. பிள்ளை லோகாசாரியரின் உவமை முழுவதும் இந்த ஒரு புள்ளியில் ஊன்றி நிற்கிறது. ஐந்திலும் நீர் ஒன்றே. வேறுபடுவது அதை அடையும் எளிமை. எளிமையில் மிஞ்சியது அர்ச்சை. வைணவ மரபு இந்தக் குணத்துக்குச் சௌலப்யம் என்று பெயரிட்டு, இறைவனின் மேன்மைகளில் ஒன்றாகவே வைத்துப் போற்றுகிறது. அருகில் இருப்பது தாழ்ந்தது, தொலைவில் இருப்பதே உயர்ந்தது என்ற எண்ணம் இந்த மரபுக்குள் செல்லாது.

மூலவரும் உற்சவரும்

கோயிலுக்குள்ளேயும் இந்தப் பகிர்வு தொடர்கிறது. வைகானச ஆகமம் ஒரு கோயிலில் ஐந்து திருமேனிகளைச் சொல்கிறது. அசையாமல் நிலைபெற்றிருப்பது துருவ பேரம், அதாவது மூலவர். அன்றாடப் பூசைக்குக் கௌதுக பேரம், திருமஞ்சனத்துக்கு ஸ்நபன பேரம், வீதியுலாவுக்கு உற்சவ பேரம், பலி சாதிப்பதற்குப் பலி பேரம். மூலவர் சுதையால் ஆனவராக இருந்தால் அவர்மேல் நீர் படக்கூடாது. திருமஞ்சனத்தை வேறு திருமேனி ஏற்கிறது. மூலவர் கருவறையை விட்டு நகர மாட்டார். உள்ளே வர இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் தரிசனம் தர உற்சவர் தெருவுக்கு வருகிறார். சடங்குக்கு முன் மூலவரிடமிருந்து சக்தியை ஆவாகனம் செய்கிறார்கள். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றினால் முதல் விளக்கு குறைவதில்லை என்பது இதற்கு மரபு தரும் விளக்கம்.

மாமல்லபுரத்தில் மூலவர் தரையில் படுத்திருக்கிறார். உற்சவருக்கு உலகுய்ய நின்றான் என்று பெயர், அவர் நிற்கிறார். படுத்தவரும் நிற்பவரும் ஒருவரே என்று சொல்ல உருவ ஒற்றுமை தேவைப்படவில்லை. இணைய விதிகளிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ஈ-டேக்கில் இரண்டு வகை. வலுவான குறி, எழுத்துக்கு எழுத்து, பிட்டுக்குப் பிட்டு மாறாத பிரதிகளுக்கு மட்டும் பொருந்தும். தளர்ந்த குறி, வடிவில் சிறு வேறுபாடு இருந்தாலும் பொருளில் ஒன்றாக இருப்பவற்றை ஒன்றாகவே ஏற்கும். கோயில் ஏற்பது பொருளின் ஒருமையை.

ஆனால் வடிவம் அளவுகோல் அல்ல என்றால், எது உண்மையான திருமேனி என்று எப்படி அறிவது? திருவரங்க வரலாறு இதற்கு ஒரு நிகழ்வைத் தருகிறது. 1323-இல் டெல்லி சுல்தானியப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது மூலவரின் முன் சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரை எடுத்துக்கொண்டு வெளியேறியவர்களுக்குத் தலைமை தாங்கியவர், மடுவை உவமை சொன்ன அதே பிள்ளை லோகாசாரியர். முதிர்ந்த வயதில், அந்தப் பயணத்திலேயே அவர் பரமபதித்தார். உற்சவர் ஊர் ஊராகச் சென்று 1371-இல்தான் திரும்பினார். இடையில் திருவரங்கத்தில் வேறோர் உற்சவரை எழுந்தருளச் செய்திருந்தார்கள். இருவரில் பழையவர் யார் என்று சொல்ல, முன்பு கண்டவர்கள் யாரும் இல்லை. பார்வை இழந்த முதிய சலவைத் தொழிலாளி ஒருவரை அழைத்து வந்தார்கள். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, உடுத்திய ஈர ஆடையைப் பிழிந்த நீரை அவர் கையில் ஊற்றினார்கள். அவர் சுவைத்துப் பார்த்து, இவரே நம் பெருமாள் என்றார். நம்பெருமாள் என்ற பெயர் அதிலிருந்து வந்ததாகக் கோயில் மரபு சொல்கிறது. கண் பார்க்க முடியாததை நாக்கு நினைவில் வைத்திருந்தது. மற்றவரையும் யாரும் அகற்றிவிடவில்லை. திருவரங்கமாளிகையார் என்ற பெயரோடு இன்றும் அங்கே எழுந்தருளியிருக்கிறார்.

பிரதியைப் புதிதாக வைத்திருப்பது போலவே, சந்நிதியைக் காப்பதும் தொடர்ந்து செய்யவேண்டிய பணி. திருப்பணி நடக்கும்போது மூலவரின் சக்தியைக் கும்பத்திலோ மரப்பலகையில் எழுதிய உருவத்திலோ இறக்கி, பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் வைத்து வழிபடுகிறார்கள். பணி முடிந்ததும் குடமுழுக்கில் அது மூலவரிடம் திரும்புகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். பூசை நெடுங்காலம் நின்றுபோனால் சம்புரோட்சணம் என்ற தூய்மைச் சடங்கைச் செய்தே மறுபடி தொடங்க வேண்டும்.

மாமல்லபுரத்தில் பள்ளிகொண்ட திருமால் மூன்று இடங்களில் இருக்கிறார். மகிஷாசுரமர்த்தினி குகையின் பக்கச் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம். பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயிலில், இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே, இயற்கைப் பாறையில் செதுக்கிய ஓர் உருவம். ஊருக்குள் தலசயனப் பெருமாள். முதலிரண்டும் 1984 முதல் உலக மரபுச் சின்னத் தொகுதியைச் சேர்ந்தவை. உலகம் வந்து பார்க்கிறது. பூசை நடப்பது மூன்றாவதில் மட்டும். மாசி மகத்தன்று உற்சவர் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அதே நாளில் அதே கரையில் இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடி, மணலால் சிறு படிகள் கட்டி, கன்னியம்மனைக் கடலிலிருந்து அழைத்து வழிபடுகிறார்கள். அவர்கள் போன பிறகு அலை வந்து அந்தப் படிகளைக் கரைத்துவிடும். ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் அமைந்த சந்நிதி அது. அந்தப் பொழுதில் அது முழுமையானது. பாறையில் செதுக்கியது 1,300 ஆண்டுகள் நிற்கிறது. மணலில் கட்டியது ஒரு நாள் நிற்கிறது. சந்நிதியைத் தீர்மானிப்பது பொருளின் ஆயுள் அல்ல, அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே உள்ள உறவு என்பதை இந்த ஒரு கடற்கரையே காட்டுகிறது.

பொதுவும் தனியும்

எல்லாவற்றையும் கேஷில் வைக்க முடியாது. தேர்வு முடிவுத் தளத்தின் முகப்பும் படங்களும் எல்லோருக்கும் பொது. ஒரு மாணவியின் மதிப்பெண் அவளுக்கு மட்டும் உரியது. பொதுவானதை ஒருமுறை தயாரித்து எல்லோருக்கும் தரலாம். தனிப்பட்டதை ஒவ்வொருவருக்கும் மூலமே தர வேண்டும். இந்த எல்லை குழம்பினால் ஒருவருடைய வங்கிக் கணக்கு இன்னொருவரின் திரையில் தோன்றிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிலிலும் இது பொது, இது தனி, இதைச் சேமிக்கவே கூடாது என்று மூலம் குறித்து அனுப்புகிறது.

கோயிலும் இந்த எல்லையை அறிந்திருக்கிறது. தீர்த்தம், சடாரி, பிரசாதம், வீதியுலா ஆகியவை பொது. அர்ச்சனைக்கு முன் செய்யும் சங்கல்பம் தனி. அதில் ஒருவருடைய பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் சொல்லப்படுகின்றன. பின்னால் நிற்பவருக்கு அதே சங்கல்பத்தைத் தர முடியாது.

கூட்டம் எல்லை மீறும்போது பல வடிவங்கள் சுமையைப் பகிர்ந்துகொள்வது எத்தனை தேவையானது என்பதைக் காஞ்சிபுரம் 2019-இல் கண்டது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் நீருக்கடியில் 40 ஆண்டு இருந்த அத்திவரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை 47 நாள் தரிசனம் தந்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்ததாக அப்போது கணக்கிடப்பட்டது. அதே கோயிலில் மூலவர் எல்லா நாளும் இருக்கிறார். உற்சவரும் ஆண்டுதோறும் வீதிக்கு வருகிறார். ஆனால் நீருக்குள் இருந்த அந்த ஒரு திருமேனியை நேரில் காண வேண்டும் என்பதே வந்தவர்களின் வேட்கை. வேறு எந்த வடிவமும் அந்தக் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. அரிய நீரைத் தேடி மனம் ஓடுகிறது. அருகிலிருக்கும் மடு கண்ணில் படுவதில்லை.

திரையில் தரிசனம்

2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காலத்தில் தமிழகக் கோயில்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. நகரங்களில் உள்ள பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-இல்தான் திறந்தன. பூசைகள் நின்றுவிடவில்லை, அவை பல இடங்களிலிருந்து செல்பேசித் திரைக்கு வந்தன. கேஷும் சந்நிதியும் உவமையாக அல்லாமல் நேரடியாகவே சந்தித்த இடம் இது.

நேரலை என்று வரும் காட்சி தொழில்நுட்ப அளவில் நேரலை அல்ல. கேமராவில் பதிவானது சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் கேஷ்களில் ஏறி, அங்கிருந்து பார்ப்பவர்களுக்குப் போகிறது. சில வினாடி முதல் அரை நிமிடம் வரை தாமதம் இருக்கும். வீட்டில் கைகூப்பி நிற்பவரின் திரையில் கற்பூரம் சுடர்விடும்போது, கோயிலில் அது அணைந்து தட்டு வெளியே வந்திருக்கக்கூடும்.

இந்தத் தாமதத்தை மட்டும் கொண்டு அந்தத் தரிசனத்தைத் தள்ள முடியாது. நட்சத்திரத்தைப் பார்ப்பவரும் பழைய ஒளியைத்தான் பார்க்கிறார். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தரிசனம் என்பது பக்தர் பார்ப்பது மட்டும் அல்ல, பார்க்கப்படுவதும் ஆகும். உற்சவர் தெருவில் வரும்போது மக்கள் ஓடி வந்து எதிரில் நிற்பது அந்தக் கண்ணில் படுவதற்காக. கேஷ் ஒருவழிப் பாதை. அதிலிருந்து காட்சி பெறுபவர் யார் என்று மூலத்துக்குத் தெரியாது; தெரியாமல் இருப்பதே அந்த ஏற்பாட்டின் பயன். திரையில் வருவது கோயிலின் காட்சி என்ற அளவில் அது நினைவு. முன்பு நேரில் கண்டவருக்கு அந்த நேர்க்காட்சியை மீட்டுத் தரும் நினைவு. அதற்கு மேல் அது தரிசனமாவது, பார்ப்பவருக்குள் இருக்கும் அந்தர்யாமியால். நிலத்தடி நீராக ஏற்கெனவே அங்கே இருப்பவரை நோக்கித் திரை தோண்டித் தரலாம். நடமாட முடியாமல் கட்டிலில் கிடப்பவருக்கு அந்த உதவி பெரிது. அதை இகழ்வதற்கு எந்த மரபும் இடம் தரவில்லை.

உவமை முடியும் இடம்

கேஷுக்கும் அர்ச்சைக்கும் பொதுவானவை பல: தொலைவைக் குறைப்பது, கூட்டத்துக்கு ஈடுகொடுப்பது, மூலத்தோடு உறவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது, பொதுவையும் தனியையும் பிரிப்பது, மூலம் திருப்பணியில் இருக்கும்போது அதன் இடத்தில் நிற்பது. வேறுபாடு ஒன்றே ஒன்று. ஆனால் அது அடிப்படையானது. கேஷ் மூலத்தைக் கேட்பவர்களிடமிருந்து காக்கிறது. எத்தனை பேர் மூலத்தைத் தொடாமல் திரும்புகிறார்களோ அத்தனைக்கு அது நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். தாங்கும் சக்திக்கு எல்லை உள்ள ஒன்றுக்கு அப்படிப்பட்ட காவல் தேவை. அர்ச்சை எதிர்த்திசையில் இயங்குகிறது. கேட்பவர்கள் தன்னைத் தொட முடியவில்லையே என்று மூலமே இறங்கி வருவது அது. எத்தனை பேர் தொட்டார்களோ அத்தனைக்கு அது நிறைவேறுகிறது.

கடல்மல்லையில் பிறந்த பூதத்தாழ்வாரின் வரலாற்றில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய சிறிய இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கியிருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கேட்டதும் இருவரும் உட்கார்ந்துகொள்கிறார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நிற்கிறார்கள். இனி இடமில்லை. நிரம்பிவிட்ட சர்வர் இந்த நிலையில் 503 என்ற எண்ணை அனுப்பி வாசலை மூடும். இப்போது இயலாது, பிறகு வருக என்பது அதன் பொருள். அந்த இடைகழியிலோ, இடமே இல்லாத நேரம் பார்த்து நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார். யார் என்று தெரியாத இருட்டில் ஆழ்வார்கள் பாடலால் விளக்கேற்றுகிறார்கள்; பூதத்தாழ்வார் ஏற்றியது அன்பு விளக்கு. அந்த ஒளியில் தெரிந்தவர் திருமால். மூலம் நெரிசலைத் தவிர்க்கவில்லை. நெரிசல் இருந்த இடத்தைத் தேடி வந்து, அதற்குள் தானும் ஒருவராக நின்றது.

எனவே தொடக்கக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. தேடுவது தகவல் என்றால், அருகிலிருக்கும் பிரதி, அதன் கெடு தீராதவரையும் மூலத்தின் ஒப்புதல் உள்ளவரையும் மூலத்துக்கு ஈடாகச் செல்லும். அதற்கு மேல் செல்லாது. தேடுவது சந்நிதி என்றால், அருகிலிருப்பது பிரதி அல்ல. புண்டரீகர் திரும்பி வந்தபோது தரையில் படுத்திருந்தது பாற்கடலின் நகல் இல்லை. அவர் கூடையில் வைத்துவிட்டுப் போன மலர்களை, யாருக்காகப் பறித்தாரோ அவரே எடுத்துச் சூடியிருந்தார்.